தண்ணி வெயிலுமுத்து

பிடிங்க அண்ணாச்சி, ஃப்ளெக்ஸோட அந்த மூலையை மட்டும் கொஞ்சம் பிடிங்க. விட்டுராதீங்க, காத்து இழுக்குது. எங்க மாமா கிழிச்சது அந்த மூலைதான். மொத்தத்தையும் கிழிச்சிருப்பார், நான் கையைப் பிடிச்சு முறுக்கிட்டேன். தாய்மாமன் கையை முறுக்கலாமான்னு பார்க்காதீங்க. அவர் எங்கப்பாவைக் கிழிக்கலாமா?

நீங்க பஸ்ஸை விட்டு இறங்கும்போதே பார்த்திருப்பீங்க. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஒருத்தர் கத்திட்டுப் போனாரே, அவர்தான். சீனிராஜ்னு பேர். "ஆளைக் கூட்டிட்டு வந்து கம்போட பிடுங்கி எறியிறேன் பாருடா"ன்னு சொல்லிட்டுப் போயிருக்கார். வரட்டும். நான் இங்கேருந்து நகர மாட்டேன்.

இப்ப அந்தக் கயிறைக் குடுங்க. ம். இழுத்துப் பிடிங்க. உங்களுக்கு அவசரமா எங்கேயும் போகணுமா? இல்லையா. அப்ப நல்லதாப் போச்சு.

என்ன சிரிக்கிறீங்க? படிச்சுட்டுத்தானே? எல்லாரும் பேருக்கு முன்னாடி இருக்கிற அந்த வார்த்தைகிட்ட வந்துதான் சிரிக்கிறாங்க. காலையில சாத்தூர் பஸ்ல ஒருத்தன் ஜன்னல் வழியா தலையை நீட்டி, "ஏலே, தண்ணியைப் போட்டுப் போட்டே போய்ச் சேர்ந்துட்டாரா?"ன்னு கேட்டான். பஸ் கிளம்பிருச்சு. அவனுக்கு நல்ல நேரம்.

சத்தமாவே படிக்கிறேன், கேளுங்க. "முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. தண்ணி வெயிலுமுத்து." அவ்வளவுதான். கீழே எங்க பேர். வேற ஒண்ணும் கிடையாது. புறா கிடையாது, மெழுகுவத்தி கிடையாது, மேகத்துக்குள்ளேருந்து எட்டிப் பார்க்கிறது கிடையாது. நானே போட்டது. ஜெயக்கொடி அண்ணன் ஃப்ளெக்ஸ் கடையில நான்தான் டிசைன். பதினொண்ணாங் கிளாஸோட நின்னுட்டேன். ஏன்னு கேக்காதீங்க. படிப்பு வரலை, நின்னேன். குடும்பக் கஷ்டம்னு சொன்னா கேக்கிறவங்க எல்லாருக்கும் பிடிக்கும். ஆனா அது பொய்.

செத்தவங்களுக்கு எவ்வளவு ஃப்ளெக்ஸ் போட்டிருக்கேன் தெரியுமா? எல்லாருக்கும் ஒரே வரிதான். "அன்பான குடும்பத் தலைவர். அயராத மக்கள் பணியாளர்." பொண்டாட்டியை எட்டி மிதிச்சவனுக்கும் அதே அன்பான குடும்பத் தலைவர்தான். கம்ப்யூட்டர்ல ரெடியா இருக்கும், எடுத்து ஒட்டிப் பேரையும் படத்தையும் மாத்தணும். ஒரு தடவை கல்யாணத்துக்கு வச்சிருந்த படத்தை அதுல ஒட்டிட்டேன், புது மாப்பிள்ளை மாலையோட கடைக்கே வந்துட்டார். அந்த வரியை எங்கப்பாவுக்குப் போடச் சொல்றாங்க. மாட்டேன். அவர் நிஜமாவே அப்படி இருந்தார். நிஜமா இருந்தவருக்குப் போய் அந்த வரியைப் போடுறதா?

எங்கப்பாவுக்கு வேலை டவுன் பஞ்சாயத்துல தண்ணி திறந்து விடுறது. ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புச் சாவி இருக்கும், சைக்கிள் பார்ல கட்டியிருப்பார். தெரு முக்குல ஒரு குழி, அதுக்குள்ள சாவியை விட்டுத் திருகினா அந்தத் தெருவுக்குத் தண்ணி. இன்னைக்கு மேலத்தெரு, நாளைக்குக் காலனி, மறுநாள் கோழிப்பண்ணைத் தெரு, இப்படி முறை. பேர் வெயிலுமுத்து, பார்க்கிற வேலை தண்ணின்னு அவரே சொல்லிச் சிரிப்பார். ஆனா வெயிலுமுத்துன்னு ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது. தண்ணி அண்ணன், தண்ணி மாமா, தண்ணி சித்தப்பா. கிழவிங்க எல்லாம் "ஏ தண்ணி"ன்னே கூப்பிடும். திரும்பிப் பார்ப்பார்.

பள்ளிக்கூடத்துல என்னை "தண்ணிக்காரன் மகன்"னு சொல்வாங்க. புதுசா வந்த ஒரு டீச்சர் அப்பா என்ன செய்றார்னு கேட்டாங்க. "தண்ணிக்காரர் டீச்சர்"னு சொன்னேன். வகுப்பே சிரிச்சுது. டீச்சர் கூப்பிட்டு மெதுவா, "அரசு ஊழியர்னு சொல்லுப்பா"ன்னாங்க. அரசு ஊழியர்னா யார்? தாசில்தாரும் அரசு ஊழியர்தான். எங்கப்பா தாசில்தாரா?

கயிறை விட்டுட்டீங்க பாருங்க. ஆமா, அந்த ஆணியில சுத்துங்க.

மாமாவுக்கு என்ன பிரச்சினைன்னா, இன்னைக்குச் சாயங்காலம் எங்க அக்காவைப் பொண்ணு பார்க்க வர்றாங்க. தலைதிவசம் முடியட்டும்னு காத்திருந்து வர்றாங்க. இந்த ஸ்டாப்லதான் இறங்கணும், இறங்கினா மூஞ்சிக்கு நேரா இது. மாப்பிள்ளை பால் சொசைட்டியில இருக்கார். அக்காவுக்குப் பிடிச்சிருக்கு. போன்ல இருக்கிற போட்டோவைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்துட்டு இருக்கும், நான் போனா அணைச்சிரும். அவங்க வீட்டுல ஒரே ஒரு கண்டிஷன். குடிக்கிற வீட்டுல பொண்ணு எடுக்க மாட்டாங்களாம். மாப்பிள்ளையோட அப்பா குடிச்சே போனவராம். அவங்க வீட்டுல ஒருத்தர் குடிச்சுச் செத்தார்ங்கிறதுக்காக எங்கப்பா பேரை நான் அழிக்கணுமாம். எப்படி இருக்கு கதை?

அம்மா நேத்து ராத்திரி சோறு போட்டுக்கிட்டே சொல்லுச்சு, "ஒரு வார்த்தைதானேடா. வாட்டர் சப்ளைன்னு போட்டா என்ன, உங்கப்பா வந்து கோவிச்சுக்குவாரா?"

"கோவிச்சுக்குவார்."

"ஆமா, உன்கிட்ட வந்து சொன்னார்."

அக்கா சாப்பிடலை. "உனக்கு என்னடா, நீ ஆம்பளை"ன்னு மட்டும் சொல்லிட்டுத் தட்டைக் கழுவப் போயிருச்சு. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு எனக்குப் புரியலை. நான் ஆம்பளையா இருந்தா என்ன, பொம்பளையா இருந்தா என்ன, அப்பா பேர் அதுதானே?

மாமா சொல்றார், நினைவு நாள்தான் முந்தாநாளே முடிஞ்சுதே, இப்ப எதுக்குன்னு. அன்னைக்கே கட்டியிருந்தா இந்நேரம் கழட்டியும் இருப்பேன், வாஸ்தவம்தான். ஜெயக்கொடி அண்ணன்கூட "உங்கப்பாதை முதல்ல அடிச்சுட்டு அப்புறம் மத்ததைப் பாரு"ன்னார். முன்னாடி குடுத்தவங்க இருந்தாங்க. ஒரு காதுகுத்து, ஒரு கடைத் திறப்பு, கவுன்சிலர் பிறந்தநாள். அதையெல்லாம் முடிச்சுட்டு நேத்துதான் அடிச்சேன். வரிசைன்னு ஒண்ணு இருக்குல்ல.

இந்தப் பேர் விஷயத்துல நான் ஏன் இப்படி நிக்கிறேன்னு கேளுங்க. போன வருஷம் அவர் செத்த அன்னைக்கு நடந்ததைச் சொல்றேன்.

விடியற்காலையில நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தார், அப்படியே சாஞ்சுட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவே இல்லை. ஆபீஸ்காரங்க நல்லவங்கதான், உடனே போஸ்டர் அடிச்சு ஊரெல்லாம் ஒட்டிட்டாங்க. "திரு. ப. வெயிலுமுத்து அவர்கள், குடிநீர் விநியோகப் பணியாளர், அன்பான குடும்பத் தலைவர், அயராத மக்கள் பணியாளர் இயற்கை எய்தினார்." படம் வேற பழைய படம், மீசையோட. ஊரே அதைப் பார்த்துட்டு, யாரோ வெயிலுமுத்துவாம், பாவம்னு போயிருச்சு.

ஊர்க்காரங்க ஒருத்தரும் வரலை அண்ணாச்சி. எங்க சொந்தக்காரங்க, பக்கத்து வீட்டுக்காரங்க, ஆபீஸ்காரங்க, அவ்வளவுதான். பந்தல்ல சேர் எல்லாம் காலி. மாமா அப்பவும் வாய் சும்மா இருக்காம, "ஊருக்கே உழைச்சார், பாரு எத்தனை பேர் வந்திருக்காங்க"ன்னு எங்க அம்மா காதுபடச் சொன்னார். நான் நம்பிட்டேன். இவ்வளவுதான் போல, இந்த ஊருக்கு எங்கப்பா இவ்வளவுதான் போலன்னு.

மத்தியானம் ஆகிருச்சு. நீர்மாலைக்குப் போகணும், குளிப்பாட்ட. குடத்தைத் தூக்கிட்டு நானும் சித்தப்பா மகனும் குழாய்க்குப் போறோம், தண்ணி இல்லை. அடுத்த தெரு, இல்லை. யார் திறந்து விடுவா? திறக்கிற ஆள் பெஞ்சில படுத்திருக்கார். மாமா லாரிக்குப் போன் போட்டுக்கிட்டு இருந்தார்.

அப்ப காலனிப் பொம்பளைங்க கூட்டமா வர்றாங்க, இடுப்புல வெறுங்குடம். அன்னைக்குக் காலனி முறை. சண்டைக்கு வர்றாங்க. முதல்ல வந்த அக்கா, மாரியக்காள்னு பேர், தெரு முக்குலேயே ஆரம்பிச்சிருச்சு. "எங்கே அந்தத் தண்ணி அண்ணன்? காலையிலேருந்து காத்துக் கிடக்கோம், ஆளையே காணோம், வீட்டுல நல்லாத் தூங்குறாரோ?" பந்தலைப் பார்த்ததும் நின்னுச்சு. "யாருக்கு என்ன?"ன்னு கேட்டுச்சு. உள்ளே எட்டிப் பார்த்துச்சு.

குடத்தைக் கீழே போட்டுருச்சு. பிளாஸ்டிக் குடம், உருண்டு போய் எங்கப்பா பெஞ்சுக் காலுல முட்டி நின்னுச்சு. "அய்யோ, இது நம்ம தண்ணியாச்சே! தண்ணி செத்துப் போச்சுன்னு ஒருத்தரும் சொல்லலையே!"

அதுக்கப்புறம் பார்க்கணும். காலனி வந்துச்சு, மேலத்தெரு வந்துச்சு, கோழிப்பண்ணைத் தெரு வந்துச்சு. சும்மா வரலை. ஊர்ல தண்ணி கிடையாதே, அவங்கவங்க வீட்டுல பிடிச்சு வச்சிருந்த தண்ணியில ஒரு செம்பு, ஒரு வாளி, கொண்டுவந்து எங்க வாசல்ல இருந்த அண்டாவுல ஊத்துறாங்க. குடிக்க வச்சிருந்த தண்ணி. அண்டா நிறைஞ்சு வழிஞ்சுது. மாமா அந்த லாரியைத் திருப்பி அனுப்பினார்.

இப்ப சொல்லுங்க, நான் வெயிலுமுத்துன்னு மட்டும் போட்டா யாருக்குத் தெரியும்? இன்னொரு தடவை அவரை யாரோவா ஆக்கணுமா?

குடும்பத் தலைவர்னு சொன்னேனே. அதுலேயும் குறை சொல்ல ஒண்ணும் இல்லை. அம்மாவுக்குக் கால் ஒடிஞ்சு கிடந்தப்ப அக்காவுக்கு அவர்தான் ஜடை பின்னி விட்டார். ஒண்ணு காதுக்கு மேல இருக்கும், ஒண்ணு தோளுக்குக் கீழே தொங்கும். அக்கா அப்படியேதான் போகும், அவிழ்க்க விடாது. ஒருநாளும் எங்க மேல கை ஓங்கினதில்லை. ஆனா கிறுக்குத்தனமும் இருந்துச்சு. அதையும் சொல்லணும். அக்கா பெரியமனுஷி ஆனப்ப சடங்கு வச்சோம். வீடு நிறைய ஆள். சோத்துப் பானை, சாம்பார் அண்டா எல்லாம் அடுப்புல ஏத்தியாச்சு, கைகழுவத் தண்ணி இல்லை. எங்க தெருவுக்கு முறை மறுநாள்தான். அம்மா எல்லார் முன்னாடியும் கேட்டுச்சு, "ஒரு கால்மணி நேரம் நம்ம தெருவைத் திறந்து விடுங்க. பெத்த பொண்ணு சடங்கு."

"இன்னைக்குக் கோழிப்பண்ணைத் தெருப்பா."

"நாளைக்கு அவங்களுக்குச் சேர்த்து விடுங்க."

"அவங்க இன்னைக்குக் குடிக்க வேண்டாமா?"

சொல்லிட்டு ஒரு குடத்தை எடுத்துச் சைக்கிள்ல கட்டிக்கிட்டுக் கோழிப்பண்ணைத் தெருவுக்கே போனார். அங்கே தெருக்குழாய்ல பொம்பளைங்களுக்குப் பின்னாடி வரிசையில நின்னார். புதுச் சட்டை, சந்தனம், நெத்தியில குங்குமம். "ஏண்ணே, நீங்களே திறந்து விட்டுட்டு நீங்களே நிக்கிறீங்களா?"ன்னு கேட்டுச் சிரிச்சிருக்காங்க. திரும்பத் திரும்பச் சைக்கிளை மிதிச்சார், சடங்கு முடியிற வரைக்கும் குடம் குடமாக் கொண்டுவந்தார். மாமாதான் எல்லார்கிட்டேயும் சொல்லிச் சிரிச்சார், "எங்க மச்சான் ஊருக்கே தண்ணி காட்டுவார், வீட்டுக்கு மட்டும் தண்ணி காட்ட மாட்டார்." அம்மா ரொம்ப நாள் பேசலை. நானா இருந்தா திறந்து விட்டிருப்பேன். ஒரு கால்மணி நேரம். யாருக்கு என்ன குறைஞ்சிரும்? முறை முறைன்னு இப்படியா ஒரு மனுஷன் இருப்பான்?

என்ன கேட்டீங்க? மாரிச்செல்வி எப்படி, கோபக்காரியான்னா? நல்ல குணம். அக்காவுக்குக் கோபமே வராது, எனக்குத்தான் எல்லாம் சேர்த்து வரும்.

இருங்க.

அக்கா பேரை நான் சொல்லவே இல்லையே, அண்ணாச்சி. ஃப்ளெக்ஸ்லேயும் அது இல்லை. "குடும்பத்தினர்"னு சொல்லி என் பேரும் அம்மா பேரும்தான் போட்டிருக்கேன், கல்யாணம் ஆகாத பொண்ணு பேரை பஸ் ஸ்டாப்புல போடாதேன்னு அம்மா சொன்னதால. மாரிச்செல்வி எப்படி இருக்கும், கோபக்காரியான்னு கேக்குறீங்க.

ஓ.

விசாரிக்க வந்தீங்களா? சாயங்காலம் வர்றதுக்கு முன்னாடி, தனியா ஒரு ஆள் காலையிலேயே வந்து டீக்கடையில, பஸ் ஸ்டாப்புல நின்னு வீடு எப்படி, பொண்ணு எப்படின்னு விசாரிச்சுட்டுப் போறது. தெரியும், தெரியும். எங்க பக்கமும் அப்படித்தான் செய்வோம். சித்தப்பா மகளுக்குப் பார்த்தப்ப நானே போயிருக்கேன். கண்டுபிடிச்சிருக்கணும் நான். வேலை இல்லாம ஒருத்தர் வெயில்ல நின்னு கயிறு பிடிப்பாரா?

நீங்க மாப்பிள்ளைக்கு யாரு? பெரியப்பாவா? அப்ப அந்தக் குடிச்சுப் போனவர்... உங்க தம்பியா?

மன்னிச்சுக்கங்க. தெரியாமச் சொல்லிட்டேன். இல்லை, தெரிஞ்சிருந்தாலும் சொல்லியிருப்பேன், கொஞ்சம் வேற மாதிரி சொல்லியிருப்பேன். இனிமே உங்களை என்னன்னு கூப்பிடுறது? மாமான்னா? வேண்டாம், அண்ணாச்சின்னே இருக்கட்டும். முறை மாறுதா இல்லையான்னு சாயங்காலம் பார்த்துக்கலாம்.

கயிறை விட்டுறலாம், கட்டியாச்சு. நீங்க ஏன் இன்னும் பிடிச்சுட்டு நிக்கிறீங்க?

கேளுங்க. கேக்கத்தானே வந்தீங்க.

நேராவே கேட்டுட்டீங்க. இதுவரைக்கும் ஒருத்தரும் என்னை நேரா கேட்டதில்லை. சிரிப்பாங்க, கிண்டல் பண்ணுவாங்க, உங்கப்பா குடிச்சாராடான்னு மட்டும் கேக்க மாட்டாங்க.

குடிச்சார்.

தினம் இல்லை. தண்ணி வந்த நாள்ல கிட்டே போனாக்கூட வாடை இருக்காது. மோட்டார் எரிஞ்சு போகும், ஆத்துலேருந்து வர்ற பெரிய குழாய் உடைஞ்சு போகும், சித்திரை மாசம் போர்ல வெறும் காத்து வரும். அந்த மாதிரி நாள்ல. அன்னைக்கு அவரால தெருவுல போக முடியாது. வெறுங்குடத்தைத் தட்டித் தட்டிக் கேப்பாங்க, "உன் வீட்டுல மட்டும் நிறைஞ்சிருக்கும்லவே"ம்பாங்க. எங்க வீட்டுல எப்படி இருக்கும்னு உங்களுக்கு இப்பத் தெரியும். பொழுது சாயப் பின்பக்கமா வருவார். சத்தம் போட மாட்டார், அம்மாவை ஒரு சொல் சொல்ல மாட்டார். சுவத்தைப் பார்த்துப் படுத்துக்கிட்டுத் தெருப் பேரைச் சொல்லிட்டே இருப்பார். மேலத்தெரு நேத்தே. இன்னைக்குக் காலனி. கோழிப்பண்ணைத் தெருவுக்கு என்னத்தைச் சொல்ல, என்னத்தைச் சொல்லன்னு. அக்கா பக்கத்துல உக்காந்து, "நாளைக்கு வந்துரும்ப்பா, தூங்குங்க"ன்னு முதுகைத் தடவி விடும். மோட்டார் ஓட ஆரம்பிச்சுட்டா எந்திரிச்சு, முகத்தைக் கழுவி, சாவியைக் கட்டிக்கிட்டுக் கிளம்பிருவார். அப்புறம் அடுத்து தண்ணி நிக்கிற வரைக்கும் தொட மாட்டார்.

அம்மாவுக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியும். மாமாவுக்கு எங்களைவிட நல்லாத் தெரியும், அவர்தான் கூட்டிட்டுப் போய் வாங்கிக் குடுக்கிறது. மாமா தினம் குடிப்பார். அவர் செத்தா அன்பான குடும்பத் தலைவர்னு நானே அடிச்சுக் குடுப்பேன்.

ஏன் அப்படிப் பார்க்குறீங்க? உங்க தம்பி மாதிரி இல்லை எங்கப்பா. உங்க தம்பியும் எப்படின்னு எனக்குத் தெரியாது, விடுங்க. நீங்க கேட்டீங்க, நான் சொன்னேன். எங்க அக்காகிட்ட இதை வச்சுக் குறை கண்டுபிடிச்சா நீங்கதான் கெட்டுப்போவீங்க, அதுமாதிரி பொண்ணு கிடைக்காது.

மாமா அம்மா தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணச் சொன்னார், யார் கேட்டாலும் எங்கப்பா கையால தொட்டதில்லைன்னு சொல்லணும்னு. அதை நான் கணக்குலேயே எடுக்கலை. ஆனா காலையில கிளம்பும்போது அக்கா வாசல் வரைக்கும் வந்துச்சு. காலரைச் சரிபண்ணி விட்டுச்சு. "ஃப்ளெக்ஸ் இருந்தா இருந்துட்டுப் போகுது. அவங்க வீட்டு ஆள் யாராச்சும் கேட்டா மட்டும், எனக்காக இந்த ஒரு பொய்யைச் சொல்லிருடா தம்பி"ன்னுச்சு.

சொல்லலை.